நூறைத் தாண்டும் கணக்கு: முன்னாள் படைவீரர் முன்னுரிமை எப்படி வேலை செய்கிறது?

குரூப் 4 தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு கணக்கு ஆரம்பித்துவிடும். "சாதி ஒதுக்கீடு 69, பொம்பளைங்களுக்கு 30, தமிழ்வழிக்கு 20, மாற்றுத்திறனாளிக்கு 4, மிலிட்டரிக்காரங்களுக்கு 5. இதெல்லாம் போனா நம்ம பிள்ளைக்கு என்னண்ணே மிச்சம்?"

கூட்டிப் பாருங்கள், 128 வருகிறது. பொதுப் பிரிவின் 31ஐயும் சேர்த்தால் 159. நூறு நாற்காலியில் 159 பேரை உட்காரவைக்க எந்த அரசாலும் முடியாது. ஆக, கூட்டிய முறையில்தான் பிழை இருக்கிறது. அந்தப் பிழையை வைத்துக்கொண்டே பல வருடமாகச் சண்டை போடுகிறோம்.

அதிலும் கடைசியாகச் சொன்ன அந்த 5 சதவீதத்தின் மேல்தான் பேச்சு அதிகம். "எல்லையில நின்னவனுக்கு எதையும் கொடுக்கலாம்" என்பார் ஒருவர். "சம்பளம் வாங்கினாரு, பென்ஷன் வாங்கறாரு, கேன்டீன்ல சாமான் வாங்கறாரு, இன்னும் வேலையுமா?" என்பார் அடுத்தவர். என்ன கொடுக்கப்படுகிறது, எதற்காக, யாருடைய பங்கிலிருந்து என்று இருவருமே பார்ப்பதில்லை. என் சித்தப்பா 17 வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு 37 வயதில் டிஸ்சார்ஜ் புக்கோடு ஊர் திரும்பியவர். அவரைப் பார்த்து வளர்ந்ததால் இந்தப் பேச்சை என்னால் காதில் வாங்கிக்கொண்டு சும்மா போக முடிவதில்லை. அடியிலிருந்து விளக்கிப் பார்க்கிறேன்.

மூத்த பிள்ளையின் பங்கு

ஒரு குடும்பத்தில் அப்பா படுத்துவிட்டார். மூத்தவன் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுக் கடையைப் பார்த்துக்கொள்கிறான். அந்த வருமானத்தில் தம்பிகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போகிறார்கள். பதினைந்து வருடம் கழித்துப் பாகம் பிரிக்கும்போது மூத்தவனுக்குக் கொஞ்சம் கூட ஒதுக்கினால், ஊரில் யாரும் அதைத் தானம் என்று சொல்ல மாட்டார்கள். அவன் விட்டுக்கொடுத்ததற்கு ஈடு என்பார்கள். அதற்காக மொத்த வீட்டையும் அவனுக்கே எழுதிவைக்க வேண்டும் என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

சிப்பாயின் நிலைமையும் இதுதான். தமிழ்நாட்டு அரசு ஊழியர் 60 வயது வரை வேலை பார்க்கிறார். 2022க்கு முன் சிப்பாயாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் 40 வயதை ஒட்டியே வெளியே வந்துவிடுகிறார். அவருக்கு உடம்பு முடியாமலோ வேலை பிடிக்காமலோ வருவதில்லை. மலை ஏறவும் மூட்டை சுமக்கவும் தாங்கும் இளம் படை வேண்டும் என்பதற்காக நாடே அப்படி ஏற்பாடு செய்திருக்கிறது. இப்படி ஆண்டுக்குச் சுமார் 60,000 பேர் முப்படைகளிலிருந்தும் வெளியே வருகிறார்கள். ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி. பிள்ளைகள் அப்போதுதான் ஆறாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருப்பார்கள்.

பணியில் இருந்த காலத்திலும் மற்றவர்களுக்கு உள்ள சில வழிகள் அவருக்கு இல்லை. பிடிக்கவில்லை என்று ராஜினாமா கடிதம் நீட்டிவிட்டு வர முடியாது. சங்கம் வைக்க முடியாது. படையினரின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் குறைக்கலாம் என்று அரசியலமைப்பின் 33ஆம் உறுப்பே சொல்கிறது. இருபது வயதிலிருந்து நாற்பது வரை, அதாவது மற்றவர்கள் பட்டம் வாங்கி, தேர்வு எழுதி, ஒரு தொழிலில் காலூன்றும் வருடங்களில், அவர் பனியிலும் பாலைவனத்திலும் இருந்திருக்கிறார்.

திரும்பி வந்தவருக்கு வெளியே என்ன வேலை காத்திருக்கிறது? வங்கி வாசலிலும் ஏடிஎம் வாசலிலும் நிற்கும் காவலாளிகளைக் கேட்டுப் பாருங்கள். பீரங்கியைப் பராமரித்தவரும் ரேடியோ தகவல்தொடர்பைக் கவனித்தவரும் அங்கே நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களுடைய திறமையை ஊர்ச் சந்தையில் அளக்க ஒரு படி இல்லை. இதை நான் சேவை இடைவெளி என்று சொல்வேன்: நாட்டின் தேவைக்காகப் படையில் கழித்த வருடங்களால் குடிமை வாழ்க்கையில் ஒருவர் பின்தங்கிப்போன தூரம்.

இதுவரை சொன்னதன் சாரம் இதுதான்: இந்த முன்னுரிமையின் அடிப்படை நியாயம் சேவை இடைவெளியை நிரப்புவது. வீரத்துக்கு வணக்கம் சொல்ல வேறு வழிகள் இருக்கின்றன.

எல்லாச் சீருடையும் இதில் வராது

அரசு விதிகளில் முன்னாள் படைவீரர் என்ற சொல்லுக்குக் குறுகலான பொருள். தரைப்படை, கடற்படை, விமானப்படை, இந்த மூன்றில் ஒன்றில் பணியாற்றி, ஓய்வூதியத்தோடு வந்தவர், அல்லது காயம், ஆள்குறைப்பு போன்ற தன் கையில் இல்லாத காரணத்தால் விடுவிக்கப்பட்டவர். ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர் இதில் வரமாட்டார். ஓய்வூதியத் தகுதி வருவதற்கு முன்பே தானாகக் கேட்டு வெளியேறியவரும் வரமாட்டார்.

பலரும் தடுமாறுவது அடுத்த இடத்தில். சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற மத்திய ஆயுதக் காவல் படையினர் இந்த வரையறைக்குள் இல்லை. 2019 பிப்ரவரியில் புல்வாமாவில் உயிரிழந்த 40 பேரும் சிஆர்பிஎஃப் வீரர்கள்தான். நாடு முழுக்க அவர்களை ராணுவ வீரர்கள் என்றே சொல்லி அழுதோம். ஆனால் அதே படையில் முழுக்காலம் பணியாற்றி ஊர் திரும்புகிறவருக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடைக்காது. 2012இல் உள்துறை அமைச்சகம் அவர்களுக்கென்று தனிப் பெயர் ஒன்றை அறிவித்தது, அவ்வளவுதான். அவர்கள் பொதுவாக மற்ற அரசு ஊழியர்போல் நீண்ட காலம் பணியில் இருப்பதால் சேவை இடைவெளி சிறிது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். வயதுக் கணக்கில் அது சரி. குடும்பத்தைப் பிரிந்து கழித்த வருடங்களை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

கடிகாரத்தை நிறுத்தும் விதி

முதலில் கிடைக்கும் முன்னுரிமை வயதில். மழை பெய்து ஆட்டம் நின்றால் அந்த நேரத்தை ஆட்ட நேரத்தில் சேர்ப்பதில்லை அல்லவா, அதுபோல. மத்திய அரசுப் பணிகளில் முன்னாள் படைவீரரின் இன்றைய வயதிலிருந்து படையில் இருந்த வருடங்களைக் கழிப்பார்கள். வரும் எண் அந்தப் பதவியின் உச்ச வயதைவிட 3 வருடத்துக்கு மேல் கூடாமல் இருந்தால் போதும்.

என் சித்தப்பாவின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வயது 37, சேவை 17. கழித்தால் 20. உச்ச வயது 27 என்ற பதவிக்கு அவர் தாராளமாக விண்ணப்பிக்கலாம். 37 வயதுக்காரர் 27 வயதுக்காரர்களோடு உட்கார்ந்து எழுதுவதைப் பார்த்தால் சலுகை மாதிரித் தெரியும். உண்மையில் தேர்வு அறையின் கதவைத் திறந்துவிடுவதோடு இந்த விதியின் வேலை முடிந்தது, ஒரு மதிப்பெண்கூட அதிகமாகக் கிடைக்காது. தமிழ்நாட்டுத் தேர்வுகளில் கழித்தல் கணக்குக்குப் பதிலாக முன்னாள் படைவீரருக்குத் தனி உச்ச வயதே வைத்திருக்கிறார்கள்.

கல்வித் தகுதியிலும் இதே எண்ணம்தான். பத்தாம் வகுப்பு முடித்து, 15 வருடத்துக்குக் குறையாமல் படையில் இருந்தவரை, பட்டப்படிப்பு கேட்கும் மத்திய அரசின் சில குரூப் சி (எழுத்தர் போன்ற கீழ்மட்ட) பணிகளுக்குத் தகுதியானவராகக் கருத விதி இடம் தருகிறது. பட்டம் வாங்க வேண்டிய வயதில் அவர் பாசறையில் இருந்தார் என்பதை விதி எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

பாவும் ஊடையும்

இப்போது அந்த 159க்கு வருவோம். இதுதான் இந்தக் கட்டுரையின் நடுமையம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தறியில் துணி நெய்வதைப் பார்த்திருப்பீர்கள். நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடும் நூல் ஊடை. துணியின் அகலம் எவ்வளவு என்பதைப் பாவு தீர்மானித்துவிடுகிறது. ஊடை அந்தப் பாவுக்குள் புகுந்து புகுந்து வருகிறது. எத்தனை ஊடை நூல் ஓட்டினாலும் துணி அகலமாகாது.

அரசு வேலையின் ஒதுக்கீடும் இப்படிப்பட்ட நெசவுதான். சமூகப் பிரிவுகளின் அடிப்படையில் மொத்த இடங்களைப் பிரிப்பது செங்குத்து ஒதுக்கீடு. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1, பொதுப் பிரிவு 31. கூட்டினால் சரியாக 100. இது பாவு.

பெண்கள், மாற்றுத்திறனாளிகள், தமிழ்வழியில் படித்தவர்கள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோருக்கானது கிடைமட்ட ஒதுக்கீடு: செங்குத்துப் பிரிவுகள் ஒவ்வொன்றுக்கும் உள்ளேயே குறுக்காக ஓடுவது. இது ஊடை. பாவையும் ஊடையையும் ஒரே வரிசையில் வைத்துக் கூட்டியதால்தான் 159 வந்தது.

இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துச் சொன்னது 1992இல் வந்த இந்திரா சாஹ்னி வழக்கின் தீர்ப்பு. மண்டல் வழக்கு என்று ஊரில் சொல்வது இதைத்தான். எப்படி நிரப்புவது என்பதை 2007இல் ராஜேஷ் குமார் தாரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் படிப்படியாக விளக்கியது. அந்த வழக்கு பெண்கள் ஒதுக்கீட்டைப் பற்றியது என்றாலும் தத்துவம் பொதுவானது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். நடைமுறையில் எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்று வரிசையாகச் சொல்லும் சுழற்சிப் பட்டியல் என்று ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டு எளிமையாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 200 இடம். மிகப் பிற்படுத்தப்பட்டோர் பங்கு 40. அந்த 40க்குள் முன்னாள் படைவீரருக்கு 5 சதவீதம், அதாவது 2 இடம்.

முதலில் அந்தப் பிரிவில் மதிப்பெண் வரிசைப்படி 40 பேரை எடுங்கள். அதில் முன்னாள் படைவீரர் 2 பேர் தங்கள் மதிப்பெண்ணாலேயே வந்துவிட்டார்களா? வேலை முடிந்தது, பட்டியலில் ஒரு பெயரும் மாறாது. ஒருவர்தான் வந்திருக்கிறார் என்றால், கடைசியில் இருக்கும் நாற்பதாவது ஆள் வெளியே போவார். அதே மிகப் பிற்படுத்தப்பட்டோர் பிரிவிலுள்ள அடுத்த முன்னாள் படைவீரர் உள்ளே வருவார். தகுதியான முன்னாள் படைவீரரே இல்லை என்றால் அந்த இடம் வீணாகாது. அதே பிரிவின் மற்றவர்களுக்குத் திரும்பிவிடும்.

இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். பட்டியல் சாதியினரின் இடத்தையோ பழங்குடியினரின் இடத்தையோ ஒரு மிகப் பிற்படுத்தப்பட்ட முன்னாள் படைவீரர் இந்த ஒதுக்கீட்டின் பெயரில் எடுப்பதில்லை. அவரவர் பாவுக்குள்ளேதான் அவரவர் ஊடை. இரண்டாவது, யாருக்கும் எந்த இழப்பும் இல்லை என்று சொல்வதும் தவறு. அந்த நாற்பதாவது ஆள் இருக்கிறார், அவரும் இரண்டு வருடம் தூங்காமல் படித்தவர்தான். நான் இந்த ஒதுக்கீட்டை ஆதரிக்கிறேன், ஆனாலும் அவர் முகத்தை மறைத்துவிட்டு ஆதரிக்க எனக்கு மனம் வரவில்லை.

சுருக்கம்: செங்குத்து ஒதுக்கீடு மொத்தத்தைப் பிரிக்கிறது. கிடைமட்ட ஒதுக்கீடு அந்தப் பிரிவுகளுக்குள் மட்டும் ஆளை மாற்றுகிறது. 69ஐயும் 5ஐயும் கூட்டவே கூடாது.

எங்கே இல்லை என்பதும் முக்கியம்

மத்திய அரசின் குரூப் சி பணிகளில் இந்த ஒதுக்கீடு 10 சதவீதம். மேல்மட்டப் பதவிகளில் அப்படிப் பொது ஒதுக்கீடு கிடையாது. ஐஏஎஸ் தேர்வில் முன்னாள் படைவீரருக்கு நிபந்தனைகளோடு 5 வருடம் வரை வயதுத் தளர்வு உண்டு, இடம் ஒதுக்கி வைப்பதில்லை. ஒருமுறை இந்த ஒதுக்கீட்டில் குடிமைப் பணியில் சேர்ந்துவிட்டால், அதையே காட்டி வேலைமேல் வேலையாக மாறிக்கொண்டே போகவும் முடியாது. மத்திய அரசுத் துறைகளில் ஒதுக்கிய இடங்கள் நிரம்பாமல் கிடப்பதைப் பற்றி நாடாளுமன்றத்தில் பலமுறை கேள்வி எழுந்திருக்கிறது. தட்டச்சு, கணினிச் சான்று, குறைந்தபட்ச மதிப்பெண் எல்லாம் இவர்களுக்கும் வேண்டும். பதினேழு வருடம் கழித்துப் பேனா பிடிப்பவருக்கு அது சின்ன மலை இல்லை.

மாசசூசெட்ஸில் ஒரு பெண்

நம் முறையை எடைபோட வெளியே ஒரு பார்வை உதவும். உலகில் இந்த முன்னுரிமையைப் பெரும்பாலும் மூன்று விதமாகக் கொடுக்கிறார்கள். ஒன்று நம்முடையது போல இடங்களில் ஒரு பங்கு. இன்னொன்று மதிப்பெண்ணில் கொஞ்சம் கூட்டுவது. அமெரிக்க மத்திய அரசு 1944இல் கொண்டுவந்த சட்டத்தின் வழியில் அங்கே 5 அல்லது 10 புள்ளி சேர்க்கிறார்கள், காயமுற்றவருக்கு 10. மூன்றாவது முழு முன்னுரிமை: தேர்வில் தேறிய முன்னாள் வீரர் எல்லோரையும் முதலில் நிறுத்திவிட்டு, மற்றவர்கள் எவ்வளவு மதிப்பெண் எடுத்திருந்தாலும் பின்னால் நிற்பது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் இந்த மூன்றாவதைப் பின்பற்றியது, அதுவும் வாழ்நாள் முழுக்க. அங்கே அரசு ஊழியராக இருந்த ஹெலன் ஃபீனி 1971இல் ஒரு பதவிக்கான தேர்வில் இரண்டாவது மதிப்பெண் எடுத்தார். பட்டியலில் அவர் பெயர் ஆறாவதாக வந்தது. முன்னால் ஐந்து முன்னாள் வீரர்கள், ஐவரும் ஆண்கள். மாநிலத்தின் முன்னாள் வீரர்களில் 98 சதவீதத்துக்கு மேல் ஆண்கள் என்பதால் நல்ல பதவிகளின் கதவு பெண்களுக்கு ஏறக்குறைய மூடியே கிடந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பெண்களை ஒதுக்கும் நோக்கத்தோடு போட்ட சட்டம் இது என்று நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி 1979இல் நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது.

சட்டப்படி சரி என்று வந்தாலும் அது எனக்கு நியாயமாகப் படவில்லை. இடைவெளியை நிரப்பும் வேலை எப்போதோ முடிந்த பிறகும் மண்ணைக் கொட்டிக்கொண்டே போனால், அடுத்தவர் வாசலில் மேடு எழும்பிவிடும். நம் ஊர்த் தறியில் முன்னாள் படைவீரருக்கான ஊடை ஓடும்போதே பெண்களுக்கான 30 சதவீத ஊடையும் ஓடுகிறது. ஃபீனிக்கு நடந்தது இங்கே அதே அளவில் நடக்காமல் இருக்க இது ஒரு காப்பு.

மருத்துவமனை வரிசையில்

"மிலிட்டரிக்காரர் என்றால் அரசு ஆஸ்பத்திரியில் முதலில் பார்ப்பார்கள்" என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தியாவில் அவர்களுக்கு மருத்துவத்துக்குத் தனிப் பாதை. 2003 ஏப்ரலில் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தில் ஒருமுறை பணம் கட்டிச் சேர்ந்தால், அதன் பாலிகிளினிக்குகளிலும் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளிலும் சிகிச்சை கிடைக்கும். பொது வரிசையை அது தொடுவதில்லை.

பிரிட்டனில் எல்லோருக்கும் ஒரே பொது மருத்துவ சேவை என்பதால் வரிசைப் பிரச்சினையை நேராகச் சந்திக்க வேண்டியிருந்தது. 1953இலிருந்து போர் ஓய்வூதியம் பெறுபவர்களுக்கு இருந்த முன்னுரிமையை 2008இல் எல்லா முன்னாள் வீரர்களுக்கும் விரித்தார்கள். ஆனால் இரண்டு வேலி போட்டார்கள். படைச் சேவையால் வந்த நோய்க்கு மட்டும்தான் முன்னுரிமை. மருத்துவத் தேவை சமமாக இருக்கும் இருவருக்கு இடையில் மட்டும்தான் அது செல்லும். நெஞ்சுவலியோடு வரும் ஒரு தையல்காரரைத் தாண்டி, முழங்கால் வலியோடு வரும் முன்னாள் வீரர் போக முடியாது. அவர்கள் இதற்கு வைத்திருக்கும் அளவுகோல், படையில் இருந்ததால் யாருக்கும் பாதகம் வரக்கூடாது, அதிகம் இழந்தவர்களுக்கு மட்டும் தனிக் கவனம் என்பது. எனக்குப் பிடித்த அளவுகோல் அது.

இழந்தவர் முதலில்

அதே அளவுகோல் நம் விதிகளிலும் ஓர் இடத்தில் அழகாக இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கையில் படையினரின் பிள்ளைகளுக்கான இடங்களை நிரப்ப மத்திய அரசு வகுத்த வரிசையைப் பாருங்கள். முதலில் போரில் உயிரிழந்தவர்களின் மனைவி, பிள்ளைகள். அடுத்து போரில் ஊனமுற்று வெளியே அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள். பிறகு பணியின் காரணமாக அமைதிக் காலத்தில் இறந்தவர்கள், பணியில் ஊனமுற்றவர்கள். வீர விருது பெற்றவர்கள் ஐந்தாவதாகத்தான் வருகிறார்கள். நல்லபடியாக ஓய்வு பெற்றவர்கள் அதற்கும் பிறகு. நெஞ்சில் பதக்கம் உள்ளவரைவிடக் கால் இழந்தவரின் மகள் முன்னால் நிற்கிறாள்.

இங்கே ஒரு நேர்மையான எதிர்க்கேள்வி வரும். ஆபத்துதான் காரணம் என்றால் கழிவுநீர்க் குழியில் இறங்குபவருக்கு, கடலில் போகும் மீனவருக்கு, மின்கம்பத்தில் ஏறுபவருக்கு ஏன் இது இல்லை? ஆபத்தை மட்டும் காரணமாகச் சொன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அதனால்தான் ஆரம்பத்திலேயே சேவை இடைவெளியைப் பிடித்துக்கொண்டேன். நாற்பது வயதில் உத்தரவு போட்டு வீட்டுக்கு அனுப்புவதும், நடுவில் விலகும் உரிமை இல்லாததும் சேர்ந்து வருவது படைச் சேவையில்தான். மலக்குழியில் மகனை இழந்த தாய்க்கு வேறு நியாயங்கள் பாக்கி இருக்கின்றன. அவற்றை அவள் பெயரிலேயே கேட்க வேண்டும். சிப்பாயின் பங்கைப் பிடுங்கிக் கொடுப்பதால் அது தீராது.

நான்கு வருடச் சிப்பாய்

2022 ஜூனில் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன்படி சேர்பவர்கள் அக்னிவீரர்கள். நான்கு வருடச் சேவை, அதன் முடிவில் 25 சதவீதம் பேர் வரை மட்டுமே நிரந்தரப் படைக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்ச ரூபாயோடு ஊர் திரும்ப வேண்டும். ஓய்வூதியம் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. அதற்குப் பதிலாக மத்திய ஆயுதக் காவல் படைகளில் 10 சதவீத ஒதுக்கீடும் வயதுத் தளர்வும் 2022இலேயே அறிவிக்கப்பட்டன.

சேவை இடைவெளி என்ற படியால் அளந்தால், இருபத்திரண்டு வயதில் திரும்புகிறவனுக்கு வயது ஒரு பிரச்சினை இல்லை. சித்தப்பாவுக்கு இருந்த பள்ளம் அவனுக்கு இல்லை. ஆனால் அவன் வகுப்புத் தோழர்கள் அந்த நான்கு வருடத்தில் ஒரு பட்டமோ பட்டயமோ முடித்திருப்பார்கள். அவன் கையில் பென்ஷன் புத்தகமும் இருக்காது, டீக்கடையில் எல்லோரும் சண்டை போடும் அந்த 5 சதவீதத்தில் உட்காரும் உரிமையும் இருக்காது. முதல் அணியில் சேர்ந்தவர்களுக்கு நான்கு வருடம் முடிவது 2026 கடைசியிலும் 2027 தொடக்கத்திலும். எங்கள் பக்கத்துத் தெருவிலிருந்தும் ஒரு பையன் அந்த அணியில் போயிருக்கிறான்.